ஆறாவது குழியில் விழுந்த பந்து

குத்தாலம் கடைத்தெருவில், உரக்கடைக்கு மேலே இருந்த கயல்விழியின் துப்பறியும் அலுவலகத்துக்கு மழைக்காலத்தில் யாரும் ஏறி வருவதில்லை. மற்ற நாட்களில் வருகிறவர்களும் மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்கு வேறு இடத்தில் பழக்கம் உண்டா என்று விசாரிக்கச் சொல்லி வருகிறவர்கள்தான். போலீஸில் சப் இன்ஸ்பெக்டராக இருந்து, முட்டி தேய்ந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவளுக்கு அதுவே போதும் போதும் என்றிருந்தது. அன்றைக்குத் திங்கட்கிழமை காலை. வெள்ளிக்கிழமை பிடித்த மழை விடவில்லை. காயாத துணியின் வாடை அறை முழுக்க அடித்தது. கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் என்று அவள் எழுந்த நேரத்தில், ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண்மணி தொப்பலாக நனைந்து மாடியேறி வந்து, வேரோடு பிடுங்கிய சம்பாப் பயிர் ஒரு கொத்தை மேஜைமேல் வைத்தாள்.

"மோந்து பாருங்கம்மா."

கயல்விழி முகர்ந்து பார்த்தாள். சேற்று வாடைதான் வந்தது.

"இன்னிக்கு சேறுதான் நாறுது. நாளைக்குப் பயிரு நாறும். அதுக்குள்ள தண்ணி வடியணும். நீங்கதான் வடிய வைக்கணும்."

"நான் பொதுப்பணித்துறை இல்லைங்க" என்றாள் கயல்விழி.

"அவங்ககிட்டல்லாம் போயி பாத்தாச்சு. இது பந்து வெளையாட்டுல நின்னு போச்சு."

அதுவரை மூலையில் ஈரக்குடையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்த இர்ஃபானா நிமிர்ந்தாள். தையல்கடையை மூடிவிட்டுக் கயல்விழியிடம் காரோட்டியாகச் சேர்ந்தவள் இவள். சேர்ந்த மறுநாளே தன்னைத் துணைத் துப்பறிவாளராக உயர்த்திக்கொண்டாள். மாப்பிள்ளை விசாரித்தே அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. "உக்காருங்கம்மா. முதல்லேருந்து சொல்லுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

வந்தவள் பெயர் அம்சம். சீர்காழிக்குக் கிழக்கே புன்னைத்திடல் கிராமம். அவளுக்கு மூன்று ஏக்கர் சம்பா. அவளுடையதையும் சேர்த்து அந்தப் பக்கத்து வயல் அத்தனையும் தண்ணீருக்கடியில் கிடந்தது. முன்பெல்லாம் மழைத் தண்ணீர் ஒரு வடிகால் வழியாக உப்பாற்றுக்கு ஓடிவிடும். அந்த வடிகால் போனது வெங்கட்ராகவன் என்பவரின் மேட்டு நிலத்துக்குள். மும்பையில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றுத் திரும்பி வந்த அவர், மேட்டில் ஆறு குழி வைத்து ஒரு கோல்ஃப் மைதானம் போட்டார். வடிகாலைத் தூர்த்துப் புல் நட்டார். ஊர் கேட்டபோது, அங்கே வாய்க்கால் என்று ஒன்று இருந்ததே இல்லை, இருந்தால் காட்டுங்கள் என்றார்.

"போன மாசம் பஞ்சாயத்து ஆபீசுல பேச்சு முத்திப் போச்சு. 'என் தரையில என்னைய ஜெயிச்சுக் காட்டுங்க, மறுநாளே நானே வெட்டி விடறேன்'னு சொன்னாரு. நம்மள்ல எவன் இதை ஆடப் போறான்னு நெனைப்பு. எம்மவ எழில்மொழி பட்டாளத்துல பல் டாக்டரு. ஊட்டிப் பக்கம் முகாம்ல இருந்தப்ப இந்த வெளையாட்டக் கத்துக்கிட்டா. 'சரி சார், நான் வரேன்'னுட்டா. நேத்துதான் ஆட்டம்."

"நேத்து மழையிலயா ஆடினாங்க?" என்றாள் இர்ஃபானா.

"அவ லீவு இன்னியோட முடியுது. தள்ளிப் போடலாமான்னு அவரும் கேக்கல, இவளும் கேக்கல. ரெண்டும் ஒரே புடிவாதம். கொறைஞ்ச அடியில பந்தக் குழிக்குள்ள போடறவங்களுக்குத்தான் ஜெயிப்பு. அஞ்சு குழி வரைக்கும் சரிக்குச் சரி. ஆறாவதுல இவ அடிச்ச பந்து குழிக்குக் கிட்டப் போயி நின்னுச்சு. அவரு அடிச்சாரு. ஒரே அடியில குழிக்குள்ளயே போயிருச்சுன்னுட்டாங்க. யாரு கண்டா? எதிர்ல நிக்கிற ஆளே தெரியாத மழை. இவ கைகுடுத்துட்டு வந்துட்டா. கேட்டா, 'தோத்தா தோத்ததுதாம்மா'ங்கறா. எனக்கு மனசு ஒப்பல."

கயல்விழி அந்தப் பயிரைப் பார்த்தாள். வீட்டுக்குப் போய்ப் படுக்கிற எண்ணத்தை ஒரு பெருமூச்சோடு விட்டாள்.

போகிற வழியெல்லாம் வரப்பு எது வயல் எது என்று தெரியவில்லை. புன்னைத்திடலில் எழில்மொழி பயணப் பையைக் கட்டி வைத்துவிட்டு வாசலில் நின்றிருந்தாள். தாயைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டியது.

"அம்மா, இது அசிங்கம்மா. ஆட்டத்துல எதிராளியச் சந்தேகப்படறது..."

"சந்தேகப்பட வேண்டாம்" என்றாள் கயல்விழி. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அவர் பந்தைக் கையில ஒளிச்சு வச்சிருந்து குழியில போட்டிருக்க முடியுமா?"

"முடியாது. அவர் குனியறதுக்கு முன்னாடியே நான் எட்டிப் பார்த்தேன். பந்து உள்ள இருந்துச்சு. வெள்ளையா, பளிச்சுன்னு."

"உங்க பந்து?"

"குழிக்கு ஓரடி தள்ளி. விழுந்த இடத்துலயே புல்லுக்குள்ள பொதிஞ்சு கிடந்துச்சு. விரலால நோண்டித்தான் எடுத்தேன். எல்லாக் குழியிலயும் அப்படித்தான். களிமண்ணு, ஊறிப் போயி அல்வா மாதிரி இருந்துச்சு."

"அங்க வேற யார் இருந்தாங்க?"

"அவர் பையைத் தூக்கிக்கிட்டு வளவன் அண்ணன் எங்ககூட. மைதானத்தப் பாத்துக்கறவர். நடுவர், வெங்கட்ராகவன் சாரோட தங்கச்சி சரசா மேடம். ஒவ்வொரு குழிக்கும் அவங்க குடையோட முன்னாடியே போயி நின்னுடுவாங்க, பந்து எங்க விழுதுன்னு பாக்க."

"அண்ணனுக்குத் தங்கச்சி நடுவர்!" என்று இர்ஃபானா சீறினாள். "இதுக்கு ஒத்துக்கிட்டீங்களாக்கும்?"

"விதி தெரிஞ்சவங்க ஊர்ல அவங்க ஒருத்தர்தான்" என்றாள் எழில்மொழி.

வெங்கட்ராகவன் வீட்டுக் கூடத்தில், பெருமாள் படத்துக்கு முன்னால் ஒரு வெள்ளித் தட்டில் அந்தப் பந்து இருந்தது. அதற்குச் சந்தனம்கூட வைத்திருந்தார்கள். எழுபது தாண்டிய அந்த மனிதர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்து வந்த கயல்விழிக்கு, அவருடைய முகத்தைப் பார்த்ததும் அலுப்பு இரண்டு மடங்காகியது. கல்யாணம் நிச்சயமான பையனைப் போல அவர் பூரித்துக் கிடந்தார். சந்தோஷமாக இருப்பவர்களை விசாரிப்பதுதான் இந்தத் தொழிலிலேயே கஷ்டமான காரியம் என்பது அவளுடைய அனுபவம்.

"வாங்கோ, தாராளமாக் கேளுங்கோ" என்றார். "நாப்பது வருஷமா ஆடறேன். பாம்பேல என்னோட ஆடினவா மூணு பேருக்கு இப்படி ஒரே அடியில போறது வாய்ச்சுது. எனக்கு வாய்க்கவே இல்லை. நேத்து அந்த மழையில கண்ணைத் திறக்க முடியலை. அடிச்சேன். பந்து போன திசைகூடத் தெரியலை. நடந்து போறேன், சரசா கத்தறா, 'அண்ணா, உள்ள போயிடுத்து'ன்னு. எட்டிப் பார்த்தா, கோழிமுட்டை மாதிரி உட்கார்ந்திருக்கு. ராத்திரி தூக்கமே வரலை போங்கோ."

"வயல்ல தண்ணி நிக்குது சார்" என்றாள் இர்ஃபானா பொறுக்க மாட்டாமல்.

அவர் முகம் கொஞ்சம் வாடியது. "தெரியும்மா. அந்தப் பொண்ணு ஜெயிச்சிருந்தா வெட்டியிருப்பேன். வார்த்தைன்னா வார்த்தைதான். அது ரெண்டு பக்கமும்தானே?"

காபி கொண்டு வந்த சரசாவுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவன் இல்லை, பிள்ளைகள் இல்லை. காபியை வைத்த கையோடு தானே பேச்சைத் தொடங்கினாள்.

"என்னைத்தானே கேக்கணும்? கண்ணால பார்த்தேன். பந்து புல்தரையில விழுந்து, ரெண்டு தரம் குதிச்சு, உருண்டு போய்க் குழிக்குள்ள விழுந்தது. சத்தம்கூடக் கேட்டுது."

"மழையில ஆட்டம் ரொம்பச் சிரமமாச்சே. குழியெல்லாம் தண்ணி ரொம்பிடாதா?" என்று கயல்விழி காபியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

சரசாவின் முகம் முதல் முறையாக மலர்ந்தது. "அதுக்கு நான் ஒரு வழி பண்ணி வச்சிருக்கேன். தண்ணி போறாதுன்னு வயல் நண்டு வேற வந்து உள்ள உட்கார்ந்துக்கும். அண்ணா ஒரு தடவை கையை விட்டுக் கடி வாங்கினா. அதுலேருந்து பெரிய தேங்காயாப் பார்த்து உடைச்சு, ஒவ்வொரு குழிக்கும் ஒரு கொட்டாங்குச்சி கவிழ்த்து விளிம்பை அழுத்தி விட்டுடுவேன். மழை நாள்ல குழியைக் காட்டற கொடியைப் பக்கத்துல நட்டுடுவோம். ஆடறவா கிட்ட வந்தப்புறம்தான் மூடியை எடுக்கறது. ஒரு சொட்டு இறங்காது."

"நல்ல யோசனை" என்றாள் கயல்விழி. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். "வாய்க்கால் வெட்டினா மைதானம் என்ன ஆகும்?"

"ஆறாவது குழி போயிடும். அப்புறம் என்ன மைதானம்? சென்னையில அண்ணாவோட பிள்ளை தன் ஃப்ளாட்ல அண்ணாவுக்கு ஒரு ரூம் வச்சிண்டு கூப்பிட்டுண்டே இருக்கான். இதுக்காகத்தான் அண்ணா போகாம இருக்கா."

"நீங்க?"

"எனக்கென்ன. கும்பகோணத்துல நல்ல நல்ல முதியோர் ஹோம் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

குடை பிடித்தும் பயனில்லாத மழையில் இருவரும் வளவனோடு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். ஒவ்வொரு குழியின் மேலும் ஒரு கொட்டாங்குச்சி கவிழ்ந்திருந்தது. ஆறாவது குழியின் மேல் மட்டும் ஒரு எவர்சில்வர் கிண்ணம் இருந்தது.

"இதோட கொட்டாங்குச்சி நேத்துலேருந்து காணும்" என்றான் வளவன். "அம்மாவக் கேட்டேன், எங்கயோ அடிச்சுக்கிட்டுப் போயிருக்கும்னாங்க. அதான் கிண்ணத்தக் கவுத்தேன்."

அந்தக் குழியைச் சுற்றியிருந்த புல்தரைக்குச் சற்று முன்னால் பள்ளமாக ஒரு பட்டை நிலம் குறுக்கே ஓடியது. மேலே பார்த்தால் மற்ற இடத்தைப் போலப் புல்தான். கால் வைத்தால் கணுக்கால்வரை இறங்கியது. தூர்த்த வடிகால் ஊறி, தான் இருந்த இடத்தைத் தானே காட்டிக்கொண்டிருந்தது. அதில் கால் புதைந்து தடுமாறிய இர்ஃபானா எதையோ மிதித்தாள்.

"அக்கா, இங்க பாருங்க! கொட்டாங்குச்சி!"

கயல்விழி வாங்கிப் பார்த்தாள். உள்ளே கருங்களி அப்பியிருந்தது. கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குழி, இரண்டு கை அள்ளிய அளவுக்கு, தண்ணீர் நிறைந்து கிடந்தது.

"காத்துல வந்து விழுந்திருக்கும்" என்றாள் இர்ஃபானா ஏமாற்றத்தோடு. "நான் சொல்றேன் அக்கா, வளவன்தான். முதலாளி விசுவாசம்."

"வளவன் அப்ப எழில்மொழிகூட நடந்து வந்துக்கிட்டிருந்தான். கூடவே நிக்கிற ஆளை இப்படிக் கேவலப்படுத்தாதே." கயல்விழி கொட்டாங்குச்சியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "எல்லாரையும் வரச் சொல்லு. பெரியவர்கிட்ட ஒரு வெள்ளைப் பந்து கேளு. வேற பந்து. சாமிகிட்ட இருக்கறது அங்கயே இருக்கட்டும்."

எல்லோரும் வந்தார்கள். மழை அப்போதும் அதே வேகத்தில் கொட்டியது. கயல்விழி எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்தாள். குழிக்குள் ஈரம் மட்டும்தான் இருந்தது. பந்தை உள்ளே போட்டாள். வெள்ளையாக, கோழிமுட்டை போலத்தான் தெரிந்தது.

"சார், இதை மூடாம இப்படியே விட்டுட்டு, நேத்து பந்தடிச்ச இடம் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருவோம்."

"எதுக்கு?" என்றார் வெங்கட்ராகவன்.

"நடந்து முடிச்சதும் சொல்றேன் சார். எனக்கும் முட்டி வலிக்குது."

போய்விட்டு வந்தார்கள். புல்தரையில் வழிந்த தண்ணீரெல்லாம் குழிக்குள் இறங்கி, பால் விட்ட டீயைப் போல விளிம்புவரை நின்றது. நிலமே குடித்து நிறைந்திருந்ததால் தண்ணீர் வடிய குழியின் அடியில் விட்டிருந்த ஓட்டையால் ஒன்றும் வடியவில்லை. பந்து இருந்த சுவடே தெரியவில்லை. இர்ஃபானா கையை விட்டுத் துழாவி எடுத்தாள்.

கயல்விழி தணிந்த குரலில் சொல்லிக்கொண்டு போனாள்.

"நேத்து சாரும் பார்த்தார், எழில்மொழியும் பார்த்தாங்க. பந்து வெள்ளையா, பளிச்சுன்னு தெரிஞ்சுது. ஆகக் குழிக்குள்ள தண்ணி இல்லை. இந்த மழையில தண்ணி இல்லாத குழின்னா, நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல வர்றதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடிவரைக்கும் அது மூடியிருந்த குழி. சார் பந்தை அடிச்சப்ப அது மேல கொட்டாங்குச்சி இருந்திருக்கு. மூடின குழிக்குள்ள எந்தப் பந்தும் தானாப் போகாது."

"குதிச்சு உருண்டு..." என்று சரசா தொடங்கினாள்.

"எழில்மொழி பந்து விழுந்த இடத்துலயே பொதிஞ்சுது. எல்லாக் குழியிலயும் அப்படித்தான்னாங்க. சார் பந்து மட்டும் குதிக்கிறதுக்குத் தரை வேறயா என்ன?" கயல்விழி பையிலிருந்து கொட்டாங்குச்சியை எடுத்தாள். "இது ஆறாவது குழியோடது. கிடந்தது அந்தப் பள்ளத்துல. காத்து தூக்கிட்டுப் போயிருந்தா உள்ள இப்படிக் களி ஒட்டியிருக்காது, இது தோண்டின கொட்டாங்குச்சி. சாரோட பந்து அந்தப் பள்ளத்துல விழுந்து புதைஞ்சுது. அதைப் பார்த்தது ஒருத்தர்தான். குழிமேல இருந்து எடுத்த மூடியாலயே பந்தைத் தோண்டி எடுத்து, துடைச்சு, உள்ள போட்டாங்க. மழைத் திரைக்கு இந்தப் பக்கம் அவங்க மட்டும்தான் இருந்தாங்க."

கயல்விழிக்கு அந்த நேரத்தில் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. குழியை அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்ளாத ஒருத்தி செய்திருந்தால் இந்தப் பொய் கடைசிவரை நின்றிருக்கும்.

வெங்கட்ராகவன் தங்கையைப் பார்த்தார். "சரசா?"

சரசாவின் குடை எப்போதோ தாழ்ந்துவிட்டிருந்தது. "ஆமாண்ணா" என்றாள். "பொத்துன்னு சேத்துல விழுந்தது. அவ்வளவுதான், தோத்தாச்சுன்னு தெரிஞ்சுது. மைதானம் போனா நீ சென்னைக்குப் போயிடுவே. அந்த வீட்டுல எனக்கு இடம் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? கை தானாப் போயிடுத்து. நீ அழுதியே, சந்தோஷத்துல... அதுக்கப்புறம் எப்படிச் சொல்லுவேன்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மழையில் துடைத்து என்ன பயன், மறுபடி மாட்டிக்கொண்டார். நாற்பது வருடம் காத்திருந்து கிடைத்தது ஒரே இரவுதான் நிலைத்தது. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அம்சம்கூடத் தலையைக் குனிந்துகொண்டாள்.

எழில்மொழிதான் முதலில் பேசினாள். "சார், ஆட்டம் இன்னும் முடியலை. உங்க பந்து பள்ளத்துல இருக்கு. எனக்கு இன்னும் ஒரு அடி பாக்கி. நீங்க அங்கேருந்து ரெண்டாவதை அடிக்கலாம். குழியில போட்டுட்டா சமம்."

"அடியே, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" அம்சம் கத்தினாள். "பயிரு அங்க மூச்சு முட்டிக் கெடக்கு!"

வெங்கட்ராகவன் பள்ளத்துக்குள் இறங்கினார். கால் புதைந்தது. இன்னொரு காலும் புதைந்தது. அங்கேயே நின்று குனிந்து, தண்ணீர் நின்ற அந்தக் குழியைப் பார்த்தார்.

"வாய்க்கால்ல விழுந்த பந்தை எடுத்து வெளியே வச்சு ஆடறதுக்கு விதி இருக்கும்மா" என்றார் எழில்மொழியிடம். "ஆனா இங்க வாய்க்காலே இல்லைன்னு ஊர் முழுக்கச் சொன்னவன் நான்தானே. இப்ப எந்த வாயால கேப்பேன்?" பிறகு நிமிர்ந்தார். "நீ ஜெயிச்சுட்டே. வளவா, மண்வெட்டியைக் கொண்டு வா."

முதல் வெட்டை அவரே வெட்டினார். இரண்டாவதில் மூச்சு வாங்கியது. மண்வெட்டியை வாங்கிக்கொண்டு அம்சம் வெட்டினாள். வளவன் ஓடிப் போய் ஊரில் சொல்ல, கொஞ்ச நேரத்தில் பத்துப் பதினைந்து பேர் வந்து இறங்கினார்கள். எழில்மொழி கால்சட்டையை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கியபோது, அவள் அன்றைக்குப் பிடிக்க வேண்டிய ரயிலை யாரும் நினைவுபடுத்தவில்லை. புல்லோடு மண் பெயர்ந்து பெயர்ந்து விழுந்தது. பிற்பகலில் மறுபக்கத்து மண் உடைந்து, வயல் தண்ணீர் கலங்கலாக உள்ளே நுழைந்து, ஆறாவது குழியின் புல்தரையில் ஒரு பக்கத்தையும் அரித்துக்கொண்டு உப்பாற்றுப் பக்கம் ஓடியது. அம்சம் கரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாம ஜெயிச்சோமா?" என்று இர்ஃபானா மெதுவாகக் கேட்டாள்.

"பயிர் ஜெயிச்சுது. போய் காரைத் திருப்பு. எனக்கு உடம்பெல்லாம் வலிக்குது."

காரை நோக்கி நடக்கும்போது கயல்விழி திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க, சரசா மட்டும் மிச்சமிருந்த புல்தரையில் குனிந்து, இனி யாரும் ஆட வராத அந்தக் குழிமேல் களி ஒட்டிய கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, விளிம்பை அழுத்திவிட்டுக்கொண்டிருந்தாள். வெங்கட்ராகவன் சேற்றுக் கையோடு அவளிடம் வந்தார். கீழே கிடந்த குடையை எடுத்து அவள் தலைக்கு மேல் பிடித்தார்.

"இதை விடு சரசா" என்றார். "அஞ்சு குழி இருக்கே. நம்ம ரெண்டு பேருக்கு அது போதும்."